மனநோயும் நம் வழக்கங்களும்: வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-ல் மூன்றாகப் பிரிந்த பழைய மாவட்டத்தில், மனநலம் பாதித்தவர்களின் வீட்டாரோடு உட்கார்ந்து பேசினால் மருந்தைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வருகிறது. வெளியே சொல்லலாமா, சாமிக்கு வேண்டிக்கொண்டது போதாதா, பிள்ளையின் கல்யாணம் என்னாவது என்ற கேள்விகள்தான் முதலில் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியவை.

மனநோய் மூளையில் வருவதுதானே? அதில் ஊர் வழக்கத்துக்கு என்ன வேலை?

மூளையின் இயக்கத்தில் கோளாறு ஏற்படுவது உண்மைதான். இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் வருவது என்று தெரியும் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) எல்லா நாட்டிலும் இருக்கிறது, பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நோய் என்ன உருவத்தில் வெளிப்படுகிறது, வீட்டார் அதை என்னவென்று புரிந்துகொள்கிறார்கள், முதலில் யாரிடம் அழைத்துப் போகிறார்கள், மாத்திரை எத்தனை மாதம் தொடர்கிறது என்பதெல்லாம் அவர் வளர்ந்த இடத்தைப் பொறுத்தது.

காதில் குரல் கேட்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் அவர் குழுவும் சென்னை, கானா நாட்டின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று ஊர்களில், குரல் கேட்கும் நோயாளிகள் தலா 20 பேரிடம் பேசினார்கள். ஆய்வு 2015-ல் வெளியானது. கலிஃபோர்னியாக்காரர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகம் தெரியாத, வன்முறையாகப் பேசும் குரல்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிப் பேருக்கு மேல் சொந்தக்காரர்களின் குரல்தான் கேட்டது. இதைச் செய், அதைச் செய் என்று வீட்டுப் பெரியவர்கள் போலவே அது வேலை ஏவியது. நோய் ஒன்றுதான். ஆனால் தன்னை மிரட்டும் குரலோடு வாழ்வதும், அதட்டினாலும் பழகிய குரலோடு வாழ்வதும் நோயாளிக்கு ஒரே அனுபவம் இல்லை.

சந்தேகங்களும் இப்படித்தான் உருவம் மாறுகின்றன. வயதானவர்கள் பங்காளி வைத்த சூனியம் என்கிறார்கள். இருபது வயதுப் பையன் தன் செல்ஃபோனை யாரோ ஹேக் செய்து பார்க்கிறார்கள் என்கிறான்.

"யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறார் அம்மா. டாக்டரிடம் இதைச் சொன்னால் திட்டமாட்டாரா?

சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். வேலூர்ப் பக்கத்து டாக்டர்களுக்கு இது புதிய சேதி இல்லை. மனச்சிதைவோடு முதல்முறை சிகிச்சைக்கு வந்தவர்களிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவர்கள் நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. பத்தில் ஏழு பேர் தங்கள் நிலைக்குக் காரணம் தெய்வ சம்பந்தமானது, மாந்திரீகம் என்றே சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கும் சற்று மேல், ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்களை ஒரே நேரத்தில் நம்பினார்கள். அதாவது குலதெய்வக் குத்தமும் உண்டு, நோயும் உண்டு. நம் வீடுகளில் இது சகஜம். காலையில் மாத்திரை, சாயந்திரம் தாயத்து.

நம்பிக்கையை விட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்று எந்த விதியும் இல்லை. அம்மாவிடம் வாதாடி ஜெயிக்கவும் தேவையில்லை. "செய்வினையாகவே இருக்கட்டும், அதனால் தூக்கம் கெட்டிருக்கிறது, அதற்கு மாத்திரை சாப்பிடலாம்" என்று ஆரம்பித்தால் பல வீடுகளில் கதவு திறக்கிறது. நோய்க்கு என்ன காரணம் என்று நோயாளியும் வீட்டாரும் நினைக்கிறார்கள், வேறு என்ன உதவி தேடினார்கள் என்று டாக்டர் கேட்பதற்காகவே ஒரு கேள்வித்தொகுப்பை அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் தன் 2013 கையேட்டில் சேர்த்தது. ஆக, உங்கள் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்வது சிகிச்சைக்கு நல்லது. யார் மேல் சந்தேகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடு அடிதடி ஆகாமல் தடுக்க அது உதவும்.

சோளிங்கருக்கு அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கலாம் என்று இருக்கிறோம். தப்பா?

தப்பில்லை. மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சோளிங்கரைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மலையில் யோக நரசிம்மர், சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். மனக்கோளாறு, காத்து கருப்பு என்று வருபவர்கள் தக்கான் குளத்தில் குளித்துவிட்டு மலை ஏறுவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அங்கே வரும் குடும்பங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருப்பார். அம்மா கூடவே படுத்திருப்பார். நேரத்துக்குக் குளியல், சாப்பாடு, நடை. தனக்குத்தானே பேசிக்கொண்டு நடக்கும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதில்லை. இதெல்லாம் சாதாரண விஷயமே இல்லை. பல வீடுகளில் நோயாளிக்குக் கிடைக்காதது இதுதான்.

தமிழ்நாட்டில் முத்துசாமி கோவில் என்ற ஒரு சிறு கோவிலில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூரு மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். மருந்து கிடையாது, கோவில் வேலைகளில் லேசாக உதவி, தினமும் பூஜை. சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வரக் கூடாது. சிறிய ஆய்வு அது. கோவிலுக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. அன்பான, அமைதியான இடம் நோயாளிக்கு நல்லது செய்யும் என்ற அளவுக்கு நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

எதை மட்டும் ஏற்கக் கூடாது? சங்கிலி, அடி, மிளகாய்ப் புகை, பட்டினி, "மாத்திரையை நிறுத்தினால்தான் சாமி இறங்கும்" என்ற நிபந்தனை. இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. வீட்டிலும்தான்.

விரதம், நோன்பு இருக்கும்போது மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிட வேண்டும். ஆனால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், முக்கியமாக மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்கள். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறி விஷமாகிவிடும். உப்பில்லா விரதம், தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு, வேலூர் வெயிலில் பாதயாத்திரை மூன்றுமே இவர்களுக்கு ஆபத்து. கை நடுக்கம் அதிகமாவது, வாந்தி, பேதி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கத்தில் ரமலான் மாதத்தில் இதே கேள்வி வரும். சில மருந்துகளை சஹருக்கும் (விடியலுக்கு முன் சாப்பிடும் நேரம்) இஃப்தாருக்குமாக (நோன்பு திறக்கும் நேரம்) மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றை முடியாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேட்டால் அவரே சொல்வார்.

என் கணவர் தினமும் குடிப்பவர். கார்த்திகையில் மாலை போட்டால் நிறுத்திவிடுவார். அது போதுமா?

மாலை போடுவது நல்ல விஷயம். தன்னால் நிறுத்த முடியும் என்று அவருக்கே தெரிகிறது, ஊரும் மதிக்கிறது. ஆனால் பல வருடம் காலையிலிருந்தே குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் சில நாட்கள் உயிருக்கே ஆபத்து வரலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் ஆரம்பித்து வலிப்பும் வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவங்கள் தெரியும், பூச்சி ஊர்வது போலத் தோன்றும், இடம் நேரம் மறந்து பிதற்றுவார். சாமி வந்துவிட்டது, மாலையில் ஏதோ குத்தம் என்று பூசாரியிடம் ஓடுகிறார்கள். அந்த நேரத்தில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

மாலை போடும் தேதிக்குப் பத்து நாள் முன்பே டாக்டரைப் பாருங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார்கள். மலைக்குப் போய்விட்டு மாலையைக் கழற்றிய மறுநாள்தான் இன்னொரு சோதனை. அன்றைக்கு நண்பர்கள் கூப்பிடுவார்கள். அதற்கும் முன்பே திட்டம் வேண்டும்.

சாமி ஆடுவது மனநோயா?

திருவிழாவில், வழக்கமான நேரத்தில், ஊர் ஏற்கும் விதத்தில் சாமி வந்து ஆடி, அப்புறம் இயல்பாக வீட்டு வேலையைப் பார்க்கிறவருக்கு நோய் எதுவும் இல்லை. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் அருள் வந்து ஆடுபவர்களை எல்லாம் நோயாளி என்று சொன்னால் அது மருத்துவமே அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், சமூகம் ஏற்கும் சமயச் சடங்கின் பகுதியாக வருவதை நோயாகக் கணக்கிடுவதில்லை.

சமையலறையில், நடுராத்திரியில், திருவிழா இல்லாத நாளில் அடிக்கடி வந்து, அந்தப் பெண்ணை அது வாட்டினால் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள் மேல் பேய் வருகிறது என்றால், வேப்பிலை அடிப்பதற்கு முன் அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். சாப்பிடுகிறாளா, அடி விழுகிறதா, அம்மா வீட்டுக்கு எத்தனை மாதமாகப் போகவில்லை? எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் சாதாரணமாகச் சொல்ல முடியாததையெல்லாம் அந்த நேரத்தில் சொல்கிறாள். அவள் நடிக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

உடம்பெல்லாம் வலி, மார் படபடப்பு, தலை பாரம். எல்லா டெஸ்ட்டும் நார்மல். ஏன் மனநல டாக்டரிடம் அனுப்புகிறார்கள்?

உங்கள் வலி பொய் என்று யாரும் சொல்லவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் உடம்பு வழியாகப் பேசுவது உலகம் முழுக்க உண்டு, நம்மிடம் இன்னும் அதிகம். மனசு சரியில்லை என்று சொன்னால் "உனக்கென்ன குறை" என்று கேட்கும் வீட்டில், முதுகு வலி என்றால் ஒரு தைலமாவது கிடைக்கும். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் அக்காமார்களுக்கு இரண்டுமே இருக்கும், உழைப்பால் வந்த வலியும், மனச்சோர்வால் கூடிய வலியும். ரத்தசோகை, தைராய்டு, பி12 குறைவு இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பின் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுக்கும் காசை மிச்சம் பிடிக்கலாம்.

விந்து வீணாகி நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயத்தோடு மட்டுமே டாக்டரிடம் வரும் இளைஞர்கள் நிறைய. சிறுநீரில் போகிறது, தூக்கத்தில் போகிறது, அதனால் உடம்பு இளைக்கிறது என்ற இந்தத் துயரத்துக்கு மனநல மருத்துவர் டாக்டர் என்.என். விக் 1960-ல் "தாத்" என்று பெயர் வைத்தார். பல துளி ரத்தம் சேர்ந்தால் ஒரு துளி விந்து என்ற பழைய கருத்து நம் நாட்டில் ஆழமாக ஊறியிருக்கிறது. டிவியிலும் லாட்ஜ் அறைகளிலும் லேகியம் விற்பவர்கள் அந்தப் பயத்தை வளர்த்துத்தான் பிழைக்கிறார்கள். தூக்கத்தில் வெளியேறுவதாலும் சுய இன்பத்தாலும் உடம்பு பலம் குறையாது, குழந்தை பிறப்பதும் தடைப்படாது. சோர்வும் பயமும் உண்மையாக இருந்தால் அது பெரும்பாலும் பதற்றமோ மனச்சோர்வோதான், அவற்றுக்குச் சிகிச்சை இருக்கிறது.

பிரசவமாகி ஒரு மாதம். மகள் குழந்தையைத் தொட மாட்டேன் என்கிறாள், அழுதுகொண்டே இருக்கிறாள். திமிரா?

திமிர் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்கள் 359 பேரைக் கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் பார்த்து சிஎம்சி ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். எது அதைக் கூட்டியது என்று பார்த்தார்கள். குறைந்த வருமானம், ஆண் குழந்தை எதிர்பார்த்த இடத்தில் பெண் குழந்தை, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவுச் சிக்கல், கர்ப்பகாலத்தில் நடந்த துன்பங்கள், கை உதவிக்கு ஆள் இல்லாதது.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பணத்தைத் தவிர மற்றவை பெரும்பாலும் வீட்டார் நடந்துகொள்ளும் விதம். பெண் பிறந்த சேதி கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் முகம் சுளிக்கும் ஒரு கூட்டம் தாயின் மனதில் என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே சமயம், தாய் வீட்டுக்கு அழைத்துவந்து சில மாதம் வைத்துக் கவனிக்கும் நம் வழக்கம் அருமையானது. உறவு நன்றாக இருக்கும் வீட்டில் அது தாயைக் காக்கிறது. மகளைத் தூங்க விடுங்கள். ராத்திரி ஒரு வேளையாவது குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். தூக்கமே இல்லாமல் பிதற்றுவது, குழந்தை தன்னுடையது இல்லை என்பது, அதற்கு ஆபத்து செய்யப்போவதாகப் பேசுவது தெரிந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. ஜன்னி கண்டுவிட்டது, கஷாயம் கொடுக்கலாம் என்று தாமதிக்கவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை.

நடப்பதைச் சொல்கிறேன். பெண் பார்க்க ஆரம்பித்ததும், மாத்திரை சாப்பிடுவது தெரிந்துவிடும் என்று நிறுத்துகிறார்கள். கல்யாண வேலை, சடங்கு, விருந்தாளிகள் என்று தொடர்ந்து தூக்கம் இல்லை. இருமுனைக் கோளாறு (பைபோலார்) உள்ளவருக்கு மருந்து நின்று தூக்கமும் போனால் நோய் திரும்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாலி கட்டிய வாரத்திலேயே நோய் வெடிக்கிறது. எதுவும் தெரியாத புதுப்பெண்ணோ மாப்பிள்ளையோ மிரண்டுபோகிறார். இரண்டு வாழ்க்கை கெடுகிறது. மறைத்துச் செய்த கல்யாணத்தை 1955-ன் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் செல்லாது என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றம் போகவும் இடம் இருக்கிறது.

மனநோய் உள்ளவர்கள் கல்யாணமே செய்யக் கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். நோய் கட்டுக்குள் இருந்து, தானே விரும்பி, துணைவருக்கு முன்பே சொல்லி. அப்படிச் சொல்லி நடந்த கல்யாணங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: வால்ப்ரோயேட் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும். அதனால் கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே டாக்டரிடம் பேசி மாற்று மருந்துக்கு வழி தேட வேண்டும்.

வெளியே தெரிந்தால் தங்கச்சிக்கு வரன் வராது. அதனால்தான் மறைக்கிறோம்.

புரிகிறது. பயம் கற்பனை இல்லை, ஊர் அப்படித்தான் பேசுகிறது. குடியாத்தத்துக்காரர் ஒருவர், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறார். ஆனால் வேலூரில் சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி நம் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல சிகிச்சையை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

நான் பார்த்தவரை, கோவிலுக்குப் போனதால் நோய் முற்றியவர்களை விட, மானம் போகும் என்று வீட்டுக்குள் வைத்து மறைத்ததால் முற்றியவர்களே அதிகம். மனச்சிதைவில் சிகிச்சை இல்லாமல் கழியும் மாதங்கள் கூடக் கூட, தேறுவது கடினமாகிறது. இருபது வயதில் மறைத்த நோய் முப்பது வயதில் தெருவுக்கே தெரியும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமனோ சித்தியோ நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். மாத்திரை வாங்க, இரண்டு நாள் பார்த்துக்கொள்ள ஒரு கை கிடைக்கும்.

நம் ஊர்க் கூட்டுக் குடும்பம் நோயாளிக்கு நல்லதா, கெட்டதா?

இரண்டாகவும் இருக்கிறது. 1950-களில் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் முன்னின்று தொடங்கிய சிஎம்சி மனநல மையத்தில், பாகாயத்தில், நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது வழக்கம். அதே காலத்தில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர் ஆஸ்பத்திரி வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பங்களைத் தங்கவைத்தார். நோயாளியைப் பூட்டிவிட்டு வீட்டாரை அனுப்பிவிடுவது உலக வழக்கமாக இருந்த காலம் அது. கூடத் தங்கும் அம்மா மருந்தின் பக்கவிளைவைக் கற்றுக்கொள்கிறார், நோய் திரும்பும் அறிகுறியைக் கற்றுக்கொள்கிறார், மகனைத் திட்டாமல் பேசவும் கற்றுக்கொள்கிறார்.

அந்தக் கடைசி விஷயம் மருந்து அளவுக்கு முக்கியம். ஓயாமல் குறை சொல்வது, வெறுப்பைக் காட்டுவது, ஒவ்வொரு அசைவிலும் தலையிடுவது நடக்கும் வீட்டில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது என்று லண்டனில் கண்டுபிடித்தார்கள். 1987-ல் வெளியான சண்டிகர் ஆய்வில், அப்படிப்பட்ட குடும்பங்கள் லண்டனை விடக் குறைவாக இருந்தன. இந்தியா போன்ற நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவன ஆய்வுகள் காட்டியதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அது பழைய கணக்கு, அதன் மேல் விவாதமும் உண்டு. இன்றைக்கு மகன் ஓசூரில், மகள் சென்னையில், வீட்டில் எழுபது வயது அம்மா மட்டும். அவரால் எவ்வளவு சுமக்க முடியும்? பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும் அண்ணிக்கும் ஓய்வு வேண்டும். பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் இது விழுகிறது.

இளம் வயதுத் தற்கொலைகள் நம் பக்கத்தில் அதிகம் என்கிறார்களே, உண்மையா?

வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் சிஎம்சி சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு மரணத்தையும் வீடு வீடாக விசாரித்துப் பதிவு செய்தார்கள். 1992 முதல் 2001 வரையான கணக்கு 2004-ல் லான்செட் இதழில் வந்தது. 10 முதல் 19 வயதுக்குள், ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குப் பெண்களில் 148 தற்கொலைகள், ஆண்களில் 58. உலகின் பெரும்பாலான இடங்களில் ஆண்களே அதிகம். இங்கே பெண் பிள்ளைகள். அந்த எண் பழையது, ஆனால் அது எழுப்பிய கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. காதல், சாதி, மார்க், வீட்டில் விழும் திட்டு என்று வெளியே காரணம் சொல்கிறார்கள். தன் வாழ்க்கையைப் பற்றித் தானே முடிவெடுக்க முடியாத ஒரு பெண்ணுக்கு இவை ஒவ்வொன்றும் முட்டுச்சந்தாகத் தெரிகின்றன.

செய்யக்கூடியவை இருக்கின்றன. பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காமல் பூட்டி வையுங்கள். அந்த ஒரு மணி நேர வேகம் தணிந்தால் பலர் பிழைக்கிறார்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம். 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ம் பிரிவே இல்லை. இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

மடி, சுத்தம் பார்ப்பது எப்போது நோயாகிறது?

செய்து முடித்த பிறகும் நிம்மதி வராதபோது. பூஜைக்கு முன் ஒரு முறை குளிப்பது வழக்கம், பத்து முறை குளித்தும் தீட்டு போகவில்லை என்று அழுவது ஓசிடி என்ற எண்ணச் சுழற்சி நோய். ஒளூ (தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவுவது) முறிந்துவிட்டது என்று தொழுகை நேரம் முடியும்வரை திரும்பத் திரும்பக் கழுவுவதும் அதே நோய்தான். மருந்தும் பயிற்சியும் நன்றாகக் கேட்கும்.

சிகிச்சைக்கு எங்கே போவது?

அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து இலவசம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையம். போகும்போது பழைய மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து இருந்தால் அதையும்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்கிறாரே?

முதல் முறை நீங்கள் மட்டும் போய் டாக்டரிடம் பேசுங்கள். கோவிலுக்கு என்று பொய் சொல்லி வண்டியில் ஏற்றாதீர்கள், சாம்பாரில் மாத்திரை கலக்காதீர்கள். தெரிந்த நாளில் அவர் சாப்பாட்டையே சந்தேகப்படுவார், அப்புறம் உங்களை நம்ப மாட்டார். உனக்கு மனநோய் என்று ஆரம்பிக்காமல், தூக்கம் இல்லையே, டாக்டரைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவர் மதிக்கும் ஒருவரை, பழைய வாத்தியாரோ தாய்மாமனோ, பேசச் சொல்லுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை என்றால் 108-ஐ அழைத்துப் பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். அப்படிப்பட்டவரை அவர் சம்மதம் இல்லாமலே குறிப்பிட்ட காலத்துக்குச் சேர்த்துச் சிகிச்சை தர சட்டத்தில் வழி இருக்கிறது, அதற்கான படிவங்களை மனநல டாக்டரே சொல்லித் தருவார்.